எட்வர்ட் பெய்ன்ஸ்: சீர்திருத்த ஆசிரியரா, பத்து பவுண்டு ஆசிரியரா?

#1 · ஏட்டுப்பூச்சி

போன மாசம் சார்ட்டிஸ்டுகள் (ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டுக் கேட்டுப் போராடிய இங்கிலாந்துத் தொழிலாளர்கள்) இழையில் கொடிமரம் அண்ணன் போகிற போக்கில் "பெய்ன்ஸ் மாதிரி ஆட்கள்" என்று, அதாவது சீர்திருத்தம் பேசிவிட்டுத் தொழிலாளியை வெளியே நிறுத்தியவர்கள் என்று, ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். அங்கே பதில் சொன்னால் இழை திசைமாறும் என்று விட்டுவிட்டேன். ஆனால் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் தனி இழை.

எட்வர்ட் பெய்ன்ஸ் (1774–1848), வட இங்கிலாந்தில் லங்காஷயரில் பிரெஸ்டன் பக்கம் பிறந்தவர். அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன், 1795-ல் மலை தாண்டி நடந்தே லீட்ஸ் வந்து சேர்ந்தார். 'லீட்ஸ் மெர்க்குரி' அச்சகத்தில் வேலை. ஆறே வருடத்தில், 1801-ல், அதே பத்திரிகையை வாங்கிவிட்டார். அதுவரை வெளியூர் வாரப் பத்திரிகை என்றால் லண்டன் தாள்களை வெட்டி ஒட்டுகிற வேலைதான். தன் கருத்தைத் தலையங்கமாக ஒழுங்காக எழுத ஆரம்பித்த முதல் சில வெளியூர் ஆசிரியர்களில் பெய்ன்ஸ் ஒருவர்.

அவர் மேல் எனக்கு மரியாதை வந்த இடம் 1817. அந்த வருடம் ஹேபியஸ் கார்ப்பஸ் முடக்கப்பட்டிருந்தது. யாரையும் விசாரணையில்லாமல் உள்ளே வைக்கலாம். வடக்கு ஊர்களில் வேலை இல்லை, ரொட்டி விலை ஏறிக் கிடந்தது, வாக்குரிமை கேட்டு ரகசியக் கூட்டங்கள் நடந்தன. அங்கே 'ஆலிவர்' என்று ஒருவன் வந்து, "லண்டனில் எழுபதாயிரம் பேர் எழத் தயார், நீங்கள்தான் பாக்கி" என்கிற தோரணையில் ஊர் ஊராகச் சுற்றினான். ஜூன் 6-ம் தேதி டியூஸ்பரிக்குப் பக்கத்தில் தார்ன்ஹில் லீஸில் கூடியவர்களைப் படை வந்து வளைத்தது. எல்லோரும் பிடிபட்டார்கள், ஆலிவர் மட்டும் எப்படியோ தப்பித்தான்.

அன்றைக்கே வேக்ஃபீல்டில் அவனை ஒருவர் பார்த்தார். ராணுவத் தளபதி பிங்கின் சீருடை போட்ட வேலைக்காரன் அவனுக்குத் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்கிறான்! "இவரை உனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டதற்கு, "சில நாளைக்கு முன்னால் எங்கள் ஐயா வீட்டுக்கு வண்டியில் கூட்டிப்போனேனே" என்றானாம். சொந்த எஜமானின் ரகசியத்தை இவ்வளவு வெகுளியாகப் போட்டுடைத்த வேலைக்காரன் வேறு எங்காவது உண்டா?

விஷயம் காதுக்கு எட்டியதும் பெய்ன்ஸ் வண்டி பிடித்து டியூஸ்பரிக்குப் போனார். வில்லன் என்ற புத்தகக் கடைக்காரரை (பெயர்தான் அப்படி, நல்ல மனிதர்) அந்தக் கூட்டத்துக்கு இழுக்க ஆலிவர் எப்படியெல்லாம் முயன்றான் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டார். ஜூன் 14 இதழில் எல்லாம் வந்துவிட்டது. ஆலிவர் அரசாங்கத்தின் ஆள்! இரண்டே நாளில் அது நாடாளுமன்றத்தில் ஒலித்தது. அடக்குமுறை உச்சத்தில் இருந்த வருடத்தில், உள்துறையின் ஒற்றனைப் பெயர் சொல்லி அம்பலப்படுத்தினார் ஒரு வெளியூர் அச்சுக்காரர். இவரையா "மாதிரி ஆட்கள்" என்கிறீர்கள்?

#2 · கொடிமரம்

தம்பி, கூப்பிட்டதற்கு நன்றி. வந்துவிட்டேன்.

1817-ஐ நான் மறுக்கவில்லை. அது பெரிய காரியம். ஒரே ஒரு திருத்தம்: காப்பாற்ற முடிந்தவர்களை மட்டும்தான் அது காப்பாற்றியது. டெர்பிஷயரில் பெண்ட்ரிச் கிராமத்து ஆட்கள் ஜூன் 9 இரவே ஆயுதத்தோடு கிளம்பிவிட்டார்கள். பெய்ன்ஸின் செய்தி வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. பிராண்ட்ரெத், டர்னர், லட்லம் மூவரும் நவம்பர் 7-ல் டெர்பியில் தூக்கில் தொங்கினார்கள். வேறு சிலரை நாடுகடத்திக் கப்பலேற்றினார்கள். வழக்கில் ஆலிவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி என் கட்சி. நடந்து வந்த பையன் ஆறு வருடத்தில் எப்படிப் பத்திரிகை வாங்கினான்? ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேலே விலை. அச்சுக்கோர்க்கிற கூலியில் சேர்த்ததா? லீட்ஸில் ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியே இருந்த வசதியான விக் கட்சிக்காரர்கள் (அன்றைக்கு மிதமான சீர்திருத்தம் பேசிய கட்சி) கடன் கொடுத்து வாங்க வைத்தார்கள். அது குற்றம் இல்லை. ஆனால் யாருக்காகப் பேசுகிற பத்திரிகை என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது.

#3 · ஏட்டுப்பூச்சி

அண்ணே, யாரிடமாவது கடன் வாங்காமல் உலகத்தில் எந்தப் பத்திரிகை வந்திருக்கிறது? நாடாளுமன்ற இடங்களையும் ஓட்டுரிமையையும் மாற்றிய 1832 சீர்திருத்தச் சட்டத்தைப் பாருங்கள். பழைய ஏற்பாட்டில் ஓல்டு சாரம் என்ற ஆள் இல்லாத மேட்டுக்கு இரண்டு உறுப்பினர். மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் பர்மிங்காமுக்கும் ஒருவர்கூட இல்லை. அதை உடைக்க வடக்கில் இடைவிடாமல் எழுதிய தாள் மெர்க்குரிதான். 1830-ல் புரூஹாம் என்ற சீர்திருத்தக்காரரை யார்க்ஷயரிலேயே நிறுத்தி ஜெயிக்க வைத்ததில் முக்கியக் கை பெய்ன்ஸுடையது. அந்தக் கவுண்டியில் (நம் ஜில்லா மாதிரி) சொத்தோ வேரோ இல்லாத ஒரு வக்கீல் அங்கே நிற்பதே அப்போது கேள்விப்படாத விஷயம்.

1831 மார்ச்சில் மசோதா இரண்டாம் வாசிப்பில் தேறியது 302-க்கு 301 என்ற கணக்கில். ஒரு ஓட்டு! அக்டோபரில் பிரபுக்கள் சபை 41 ஓட்டில் தள்ளிவிட்டது, நாட்டிங்ஹாம் கோட்டை எரிந்தது, பிரிஸ்டல் எரிந்தது. அந்தச் சமயத்தில் பெய்ன்ஸ் மாதிரி நிதானமானவர்கள் இல்லையென்றால் மசோதாவே வந்திருக்காது.

#4 · கொடிமரம்

அந்த 1831 கடைசிக்குத்தான் வருகிறேன்.

மசோதாவில் இருந்த பத்து பவுண்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: நகரத்தில் ஆண்டு வாடகை மதிப்பு பத்து பவுண்டாவது தேறுகிற வீட்டில் குடியிருக்கிற ஆணுக்கு ஓட்டு. அந்தக் கோடு ரொம்பக் கீழே போய்விட்டதோ, ஆலைத் தொழிலாளிகள் கூட்டமாக உள்ளே வந்துவிடுவார்களோ என்று அமைச்சரவைக்குள் ஒரு நடுக்கம். மசோதாவைச் சபையில் கொண்டுவந்த அமைச்சர் லார்ட் ஜான் ரஸ்ஸல் பெய்ன்ஸிடமே கேட்டார்: உங்கள் லீட்ஸில் பத்து பவுண்டுக்காரர்கள் எத்தனை பேர், எப்பேர்ப்பட்டவர்கள்?

பெய்ன்ஸ் பத்திரிகைக்காரர். ஒழுங்காகவே வேலை செய்தார். வீடு வீடாக ஆள் அனுப்பி விசாரித்துப் பதில் எழுதினார். சாரம் இது. பாதுகாப்பாக ஓட்டுக் கொடுக்க முடியாத ஒரே ஒரு ஆளைக்கூட இந்தத் தகுதி உள்ளே விடாது என்று விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். தொழிலாளிகள் அதிகமாகக் குடியிருக்கிற பகுதிகளில் ஐம்பது குடித்தனக்காரர்களில் ஒருவருக்குக்கூட ஓட்டு வராது. லீட்ஸின் ஹோல்பெக் பகுதியில் 11,000 பேர் வசிக்கிறார்கள், ஆலைகள், சாயப்பட்டறைகள், சாராயக்கடைகள் எல்லாம் உண்டு. அங்கே 150 வாக்காளர்தான் தேறுவார்கள்.

அடுத்ததுதான் என்னைச் சுட்டது. டெய்லர் அண்ட் வேர்ட்ஸ்வொர்த் என்ற இயந்திரப் பட்டறை. அங்கே வேலை செய்கிறவர்கள் கூலிக்கு மாரடிக்கிற ஆட்கள் இல்லை, தொழில் தெரிந்த மெக்கானிக்குகள், உழைக்கும் வர்க்கத்திலேயே மேல்தட்டு. அவர்களில் சொந்தக் குடித்தனம் நடத்துகிற சுமார் நூறு பேரில் ஓட்டு வரப்போவது ஒரே ஒருவருக்கு.

தெருவில் அதே தொழிலாளிகளைக் கூட்டி "மசோதா முழுதாக வேண்டும்" என்று கோஷம் போட வைத்த ஆசிரியர், அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் "பயப்படாதீர்கள், இவர்களுக்கு ஒன்றும் போகாது" என்கிறார். நான் கற்பனை செய்யவில்லை. அப்பாவின் வாழ்க்கையை எழுதிய மகனே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

#5 · ஏட்டுப்பூச்சி

இது எனக்குத் தெரியாது. கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

#6 · கேஸ்முன்நின்றவன்

தம்பி யோசிக்கட்டும். நடுவுல நான் கொஞ்சம் பேசறேன். நான் பத்தொன்பது வருஷம் கம்போசிட்டரா இருந்தவன். ஸ்டிக்கைக் கையில புடிச்சு தலைகீழா எழுத்துக் கோர்த்தவன். ஆஃப்செட் வந்ததும் கேஸையெல்லாம் (ஈய எழுத்து வைக்கற பெட்டி) எடைக்குப் போட்டுட்டாங்க. அதனால பத்திரிகைன்னா எனக்கு முதல்ல கண்ணுக்குத் தெரியறது தலையங்கம் இல்ல, தாள்.

அந்தக் காலத்து இங்கிலாந்துல ஒவ்வொரு பத்திரிகைத் தாள் மேலயும் அரசாங்க முத்திரை விழணும். 1815-ல இருந்து பிரதிக்கு நாலு பென்ஸ் வரி. அதனால ஒரு வாரப் பத்திரிகை ஏழு பென்ஸ். கூலிக்காரன் வாங்கவே முடியாது, நாலு பேர் சேர்ந்து வாங்கி ஒருத்தன் படிக்க மத்தவன் கேட்கணும். ஏழைங்க கையில பத்திரிகை போகக்கூடாதுன்னே போட்ட வரி. பெய்ன்ஸ் இந்த வரியைக் கட்டி அச்சடிச்சவர். முத்திரைக்குள்ள இருந்தவர்.

வெளிய ஒருத்தர் இருந்தார். ஹென்றி ஹெதரிங்டன். லண்டன்காரர், தையல்காரர் மகன், நாடாளுமன்ற அச்சுக்காரர் ஹான்சார்ட் கிட்ட தொழில் பழகினவர். 1831 ஜூலையில 'புவர் மேன்ஸ் கார்டியன்' ஆரம்பிச்சார். விலை ஒரு பென்னி. முத்திரை கட்டல. முத்திரை விழ வேண்டிய மூலையில ஒரு அச்சு இயந்திரப் படத்தைப் போட்டு 'அறிவே வலிமை'ன்னு அடிச்சார். தலைப்புக்குப் பக்கத்துலயே 'சட்டத்துக்கு விரோதமா வெளியிடப்படுது'ன்னு போட்டார். எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம்!

போலீஸ் கடை வாசல்ல நிக்கும். வெத்துக் கட்டை ஒருத்தன் தூக்கிட்டு முன்வாசல் வழியா ஓடுவான், போலீஸ் அவன் பின்னாடி ஓடும், நிஜக் கட்டு பின்வாசல்ல போயிடும். ஹெதரிங்டன் பலதடவை ஜெயிலுக்குப் போனார். தெருவுல வித்தவங்க நூத்துக்கணக்குல போனாங்க.

மேக்கில்ஸ்ஃபீல்ட்ல ஜோசப் ஸ்வான்னு ஒரு தொப்பித் தொழிலாளி. வேலை இல்ல, குடும்பம் பட்டினி, பத்திரிகை வித்தார். மாஜிஸ்ட்ரேட் 'வாயை மூடு'ங்கறார், இவர் மூடமாட்டேங்கறார், எல்லாரும் இதைப் படிக்கணும்கறார். மூணு மாசம் போட்டாங்க. நன்றி சொல்ல உங்ககிட்ட ஒண்ணுமில்ல, வெளிய வந்ததும் மறுபடி விப்பேன், முதல் பிரதி உங்க வீட்டுக்குத்தான்னு சொல்லிட்டுப் போனார்.

ரெண்டு பேருமே சீர்திருத்தம்னுதான் சொன்னாங்க. ஆனா ஹெதரிங்டன் தாள் 1832 மசோதாவை ஆதரிக்கல. இது நடுத்தர வர்க்கத்தைப் பிரபுக்கள் பக்கம் இழுத்துக்கற வேலை, உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு எழுதுச்சு. கொடிமரம் சொன்ன கடிதத்தைப் பாத்தா, பெய்ன்ஸும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கார். இவர் எச்சரிக்கையா சொன்னதை அவர் உத்தரவாதமா சொன்னார்.

#7 · வேப்பம்பூ

கேஸ்முன்நின்றவன் ஐயா, அந்தக் கடைசி வரிக்காகவே இந்தக் குழுவில் இருக்கிறேன்.

ஒரு சின்ன இடைச்செருகல். எல்லோரும் ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். 1832 சட்டத்தில்தான் முதல்முறையாக வாக்காளர் என்றால் 'ஆண்' என்று எழுத்தில் போட்டார்கள். அதற்கு முன் வழக்கத்தில் இருந்த தடையைச் சட்டமாகவே ஆக்கியது 'மாபெரும் சீர்திருத்தம்'. ஆகஸ்டிலேயே யார்க்ஷயரைச் சேர்ந்த மேரி ஸ்மித் என்ற வசதியான பெண், வரி கட்டுகிறேன், சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன், எனக்கு ஏன் ஓட்டு இல்லை என்று மனு போட்டார். ஹென்றி ஹண்ட் என்ற தீவிர சீர்திருத்த உறுப்பினர் அதைச் சபையில் வைத்தார். சிரித்தார்கள்.

இன்னொன்று. ரிச்சர்ட் ஓஸ்ட்லரின் 'யார்க்ஷயர் அடிமைத்தனம்' கடிதம் 1830 அக்டோபரில் வெளியானது மெர்க்குரியில்தான். பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளில் குழந்தைகளை நாள் முழுக்க வேலை வாங்குவதைப் பற்றியது. கறுப்பு அடிமைகளுக்காகக் கண்ணீர் விடுகிறீர்களே, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று நேராகக் கேட்டார். ஆலை முதலாளிகள் வாசகர்களாக இருக்கிற பத்திரிகையில் அதைப் போட்டதற்குப் பெய்ன்ஸுக்கு ஒரு கும்பிடு. ஆனால் சில மாதத்தில் ஓஸ்ட்லர் எழுதியதை வெட்டிப் போட, அவர் கோபித்துக்கொண்டு டோரி (விக்குகளுக்கு எதிரான பழமைவாதக் கட்சி) பத்திரிகைக்குப் போய்விட்டார். குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைக்கிற கிளர்ச்சிக்கு லீட்ஸில் இடம் கொடுத்தது 'இன்டெலிஜென்சர்' என்ற டோரி தாள்! கட்சிப் பெயரை வைத்து யார் யார் பக்கம் என்று சொல்ல முடியாத காலம்.

#8 · ஏட்டுப்பூச்சி

யோசித்தேன். முழுக்கச் சரணாகதி இல்லை, பாதி.

கடிதத்தை வேறு மாதிரியும் வாசிக்கலாம். கேட்டவர் பயந்துபோன அமைச்சர். பத்து பவுண்டைப் பதினைந்தோ இருபதோ ஆக்கிவிடுவார்களோ என்ற நிலை. அந்த நேரத்தில் "இது ஆபத்தில்லை" என்று சொல்வது கோட்டைக் கீழே வைத்திருக்க ஒரு வழி. வக்கீல் தன் கட்சிக்காரனைக் காப்பாற்ற நீதிபதிக்குப் பிடித்த மாதிரிப் பேசுவதில்லையா?

#9 · கொடிமரம்

அந்த வாதம் நல்ல வாதம். சோதனை சுலபம்: கட்சிக்காரன் தப்பித்த பிறகு வக்கீல் என்ன செய்தார்? 1834-ல் பெய்ன்ஸே லீட்ஸ் உறுப்பினர் ஆனார், 1841 வரை இருந்தார். டிசென்டர்களின் (ஆங்கிலிக்கன் சபையில் சேராத கிறிஸ்தவர்கள்) உரிமைக்காகவும், சர்ச் வரிக்கும் ரொட்டி விலையை ஏற்றிய தானியச் சட்டத்துக்கும் எதிராகவும் உழைத்தார், மறுக்கவில்லை. ஆனால் 'இப்போது மீதித் தொண்ணூற்றொன்பது பேரை உள்ளே கொண்டுவருவோம்' என்பது அவர் கொடியில் இல்லை. அதற்கு வேறு ஒரு தாள் வர வேண்டியிருந்தது. 1837 நவம்பரில், அதே லீட்ஸில், 'நார்தர்ன் ஸ்டார்'. சார்ட்டிஸ்ட் தலைவர் ஃபியர்கஸ் ஓ'கானருடையது. நாலரை பென்ஸ். 1839-ல் வாரம் முப்பதாயிரத்துக்கு மேல் போனது. பெய்ன்ஸ் முப்பத்தாறு வருடம் கட்டி வளர்த்த மெர்க்குரியை இரண்டே வருடத்தில் தாண்டிவிட்டது. அதை வாங்கியது அந்தத் தொண்ணூற்றொன்பது பேர் மாதிரி ஆட்கள்தான்.

தீவிரப் பத்திரிகையாளர் கோபெட் பெய்ன்ஸை 'வடக்கின் மகா பொய்யன்' என்று திட்டினார். அது அநியாயம். பெய்ன்ஸ் பொய் சொல்லவில்லை. உண்மையான எண்ணைத்தான் எழுதினார், எழுதிய திசைதான் வேறு.

#10 · மலைக்காற்று

ஊட்டியிலிருந்து எழுதறேன், ஓரமா ஒரு விஷயம். திசைமாறினா மன்னிக்கவும்.

1834-ல பெய்ன்ஸுக்கு லீட்ஸ் தொகுதி எப்படிக் காலியாச்சு? 1832 டிசம்பர்ல அங்கே ஜெயிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் மெக்காலே. ஆமா, நம்ம மெக்காலேதான். மெர்க்குரி ஆதரவோட நின்னு, சாட்லர்ங்கற ஆலைச் சீர்திருத்தக்காரரைத் தோற்கடிச்சார். 1833 ஜூலையில கிழக்கிந்தியக் கம்பெனி சாசனம் பத்திச் சபையில பேசின அந்தப் பிரபலமான பேச்சு, லீட்ஸ் உறுப்பினரா பேசினது. அப்புறம் வருஷம் பத்தாயிரம் பவுண்டு சம்பளத்துக்கு இந்தியா வர ஒத்துக்கிட்டு சீட்டை விட்டார். அந்த இடைத்தேர்தல்ல நூலிழையில ஜெயிச்சு உள்ள போனவர் பெய்ன்ஸ்.

மெக்காலே 1834 ஜூன்ல மெட்ராஸ்ல இறங்கினார். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் உடம்பு சரியில்லாம எங்க ஊர்ல இருந்ததால, ஆளுங்க தூக்கின பல்லக்குல மலையேறி வந்து சேர்ந்தார். லீட்ஸ் ஓட்டுக்காரங்க அனுப்பின ஆள் நீலகிரி மழையில உக்காந்திருக்கார்னு நெனச்சா எனக்குச் சிரிப்பா வரும்.

1835-ல தற்காலிக கவர்னர் ஜெனரல் மெட்காஃப் காலத்துல இந்தியாவுல பத்திரிகை லைசென்ஸ் முறையை எடுத்தாங்களே, அந்தச் சட்டத்தை எழுதினது மெக்காலே. அப்ப லண்டன்ல முத்திரை இல்லாத பத்திரிகை வித்ததுக்கு இன்னும் ஆளுங்களை உள்ள போட்டுக்கிட்டு இருந்தாங்க!

#11 · கேஸ்முன்நின்றவன்

அடடா! இது எனக்குப் புதுசு. 1836-லதான் அங்க முத்திரை வரியை நாலு பென்ஸ்ல இருந்து ஒரு பென்னிக்கு இறக்கினாங்க. முழுசா எடுக்க 1855 ஆச்சு.

அந்த ஒரு பென்னியும் தந்திரம்தான். வரியைக் குறைச்சு, மீறினா தண்டனையை ஏத்திட்டாங்க. பெரிய பத்திரிகைக்காரங்களுக்கு லாபம், ஒரு பென்னித் தாள்களுக்குச் சாவுமணி. பத்து பவுண்டு கோடு மாதிரியே இதுவும் ஒரு கோடு.

#12 · வேப்பம்பூ

மகனைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவரும் எட்வர்ட் பெய்ன்ஸ்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம். 1819 ஆகஸ்ட் 16-ல் மான்செஸ்டர் செயின்ட் பீட்டர் மைதானத்தில், வாக்குரிமை கேட்ட கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்தபோது (பீட்டர்லூ படுகொலை) பத்தொன்பது வயது நிருபராக அங்கே இருந்தவர். பின்னால் லீட்ஸ் உறுப்பினராகி 1861, 1864, 1865 என மூன்று தடவை, பத்து பவுண்டை ஆறாகக் குறைக்க மசோதா கொண்டுவந்தார். மூன்றும் தோற்றன. அப்பா போட்ட கணக்கை வரலாற்றில் எழுதி வைத்ததும் அவரே, அதைத் திருத்தப் பார்த்ததும் அவரே.

#13 · கொடிமரம்

திருத்தப் பார்த்தார், சரி. ஆறு பவுண்டு வரை. அங்கேயும் ஒரு கோடு. :) கடைசியில் 1867-ல் நகரங்களில் குடித்தனக்காரர்களுக்கு ஓட்டு வந்தபோது அதைக் கொண்டுவந்தது டோரி அரசு, சபையில் நடத்தியவர் டிஸ்ரேலி.

#14 · ஏட்டுப்பூச்சி

சரி, பெய்ன்ஸை நான் விட்டுவிடவில்லை. 1817-ன் பெய்ன்ஸ் இன்னும் எனக்கு வேண்டியவர்தான். ஒற்றனை வேவு பார்த்த அதே கைதான் வீடு வீடாக எண்ணியிருக்கிறது, இரண்டிலும் ஒரே கவனம். அதுதான் சங்கடமாக இருக்கிறது.

இப்போது என் மண்டையைக் குடைவது வேறு. அந்த நூறு மெக்கானிக்குகளில் ஓட்டுக் கிடைத்த அந்த ஒருவர் யார்? யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்?

#15 · கேஸ்முன்நின்றவன்

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கு தம்பி. 1872 வரைக்கும் ரகசிய ஓட்டு இல்ல. எல்லார் முன்னாடியும் வாய்விட்டுச் சொல்லணும், எழுதிக்குவாங்க. தேர்தல் முடிஞ்சதும் பல ஊர்ல யார் யாருக்குப் போட்டாங்கன்னு பேரோட புத்தகமா அச்சடிச்சு வித்தாங்க. முதலாளியும் வாங்கிப் பார்ப்பான், வீட்டுக்காரனும் வாங்கிப் பார்ப்பான். அதுல ஹோல்பெக் பக்கத்தைத் தேடு, தொழில் போட்டிருந்தா மெக்கானிக்னு இருக்கறவங்களைப் பாரு. அச்சடிச்சவன் பேர் கடைசிப் பக்கத்து அடியில இருக்கும். அதையும் பாத்துச் சொல்லு.